எந்தப் பிரமிடு?

நாற்பதுகளில் வெளிவந்து, மறுபதிப்புக் காணாமலே போய்விட்ட ஒரு சிறுகதைத் தொகுப்பை மின்னாக்கம் செய்யும் வேலையில் எங்கள் குழு சில மாதங்களாக ஈடுபட்டிருந்தது. பக்கங்களை ஒளிவருடி, எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்து, அது கக்கிய உரையைப் படித்தபோது தலை சுற்றியது. துணைக்காலையும் ரகரத்தையும் அது ஒன்றாகவே கண்டிருந்தது. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய, துதிக்கை வைத்த லை, னை வடிவங்கள் எதிர்ப்பட்ட இடமெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தது. நானூறு பக்கத்தையும் கையால் திருத்துவதென்றால் ஓராண்டு ஓடிவிடும். ஆகவே, இன்று எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். செயற்கை நுண்ணறிவுக் கருவியொன்றிடம் ஒரு கதையை ஒப்படைத்து, “இதிலுள்ள பிழைகளைத் திருத்தித் தருக” என்று எழுதினோம்.

அரை நிமிடத்தில் கதை திரும்பி வந்தது. துப்புரவான தமிழ். ஒற்றுப்பிழை இல்லை, ரகரம் ரகரமாகவும் கால் காலாகவும் இருந்தன. மகிழ்ச்சியோடு அடுத்தடுத்து ஐந்து கதைகளை அனுப்பிவிட்டோம். ஆறாவது நாள், தென்மாவட்டத்தைச் சேர்ந்த எங்கள் நண்பர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கிழவி ஏன் வானொலிச் செய்தி வாசிக்கிறாள்?” என்று கேட்டார். மூலத்தைப் புரட்டினோம். அங்கே கிழவி, “அவுக வந்துட்டாகளா?” என்று கேட்கிறாள். எங்கள் கோப்பிலோ, “அவர்கள் வந்துவிட்டார்களா?” என்றிருந்தது. ஐந்து கதைகளிலும் இதே கதைதான். அந்த எழுத்தாளர் தம் ஊர் மக்களின் வாயிலிருந்து பிடித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் ‘பிழை’ என்ற கணக்கில் துடைத்தெறியப்பட்டிருந்தது. இன்னும் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் அதையே மின்னூலாக வெளியிட்டிருப்போம். அச்சுப் பிரதிகள் அருகிவிட்ட நிலையில், பின்வருவோர்க்கு அதுவே மூலமாகவும் ஆகியிருக்கும்.

கருவியைத் திட்டிக்கொண்டே சில நாள் போயிற்று. பிறகுதான், நாங்கள் கொடுத்த கட்டளையை மீண்டும் படித்துப் பார்த்தோம். நான்கே நான்கு சொற்கள். எழுத்துணரியின் பிழையையா, அச்சுக்கோத்தவரின் பிழையையா, இலக்கண வழுவையா, எதை நீக்கச் சொன்னோம்? நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைச் சொல்லும்போது முதலில் வைப்பது குன்றக் கூறல். மயங்க வைத்தலும் அப்பட்டியலில் உண்டு. நான்கே சொற்களில் இவ்விரண்டையும் ஒருங்கே செய்து முடித்திருந்தோம்.

இயந்திரத்திடம் தெளிவாகப் பேசுவது எப்படி என்ற கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கணினி என்ற பொருள் உலகில் உருவாவதற்கு முன்பே அது தோன்றிவிட்டது. சார்லஸ் பாபேஜ் 1864-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு வேடிக்கையைப் பதிவு செய்கிறார். அவருடைய கணக்கிடும் பொறியைப் பற்றிக் கேள்விப்பட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தார் இருவர், மேலவையில் ஒருவரும் கீழவையில் ஒருவருமாக, தவறான எண்களைப் பொறியில் இட்டால் சரியான விடை வருமா என்று அவரைக் கேட்டார்களாம். இப்படியொரு கேள்வியைப் பிறப்பிக்கும் மூளைக் குழப்பத்தைத் தம்மால் கற்பனை செய்யவே முடியவில்லை என்கிறார் பாபேஜ். கணினி வகுப்புகளில் இதைச் சொல்லிச் சிரித்து வந்திருக்கிறோம். அந்த உறுப்பினர்கள் அவ்வளவு அசடர்கள் தாமா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பாபேஜின் பகுப்புப் பொறி கட்டப்படவே இல்லை. ஆனால் அதற்கான கட்டளைத் தொகுதி ஒன்று 1843-இல் அச்சேறிவிட்டது. இத்தாலியப் பொறியாளர் மெனப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அடா லவ்லேஸ் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மூலத்தைவிட நீண்ட குறிப்புகளையும் உடன் சேர்த்தார். (உரை மூலத்தை விழுங்குவது தமிழர்க்குப் புதிதன்று.) அக்குறிப்புகளில் கடைசியானதில், பெர்னூலி எண்களைக் கணக்கிடும் படிகள் ஓர் அட்டவணையாக வரிசையிட்டுத் தரப்பட்டுள்ளன. உலகின் முதல் கணினி நிரல் என்று பலர் கொண்டாடுவது இதைத்தான். அந்த அட்டவணையின் நான்காம் வரியில் ஒரு பிழை இருக்கிறது. நான்காம் மாறியை ஐந்தாம் மாறியால் வகுக்க வேண்டிய இடத்தில், ஐந்தாவதை நான்காவதால் வகுக்கும்படி அச்சாகியுள்ளது. அடாவின் கைத்தவறோ, அச்சகத்தின் தவறோ, எதுவானாலும் படிக்கும் கணிதர் ஒருவர் ‘தலைகீழாக இருக்கிறதே’ என்று தாமே மாற்றிக்கொண்டு மேலே போய்விடுவார். பொறி போகாது, சொன்னபடியே தலைகீழாக வகுக்கும். பொறிக்குச் சுயமாக எதையும் தோற்றுவிக்கும் பாவனை கிடையாது, நாம் அறிந்து ஆணையிடுவதையே அது செய்யும் என்று எழுதியவரும் அதே அடாதான், அதே குறிப்பில்தான்.

இதன்பின் ஏறத்தாழ நூறாண்டு கழித்து உண்மையான கணினிகள் வந்தபோது, அவற்றோடு பேசும் மொழி எண்களாகவே இருந்தது. இந்த நிலையை மாற்ற வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர். வணிகர்களும் கணக்கர்களும் குறியீடுகளைக் கற்கப்போவதில்லை, ஆகவே ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளையிட வழி வேண்டும் என்பது அவர் வாதம். ஐம்பதுகளின் நடுவில் தம் நிறுவன மேலாளர்களுக்கு ஒரு மாதிரி நிரலை ஆங்கிலத்தில் இயக்கிக் காட்டிவிட்டு, உற்சாக மிகுதியில் அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக் காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான், சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதும் என்று நிறுவுவது அவர் நோக்கம். மேலாளர்கள் வெலவெலத்துப் போனார்கள். பிலடெல்பியாவில் செய்த மரியாதையான அமெரிக்கக் கணினி அயல்மொழி பேசுவதா! அந்த அச்சத்தைத் தெளிவித்து, ஆங்கிலம் மட்டுமே என்று உறுதி கூறித் திட்டத்தைக் காப்பாற்றுவதற்குள் நான்கு மாதங்கள் ஆயின என்று 1978-இல் ஒரு கருத்தரங்கில் அவரே சொல்லியிருக்கிறார். இயந்திரத்தோடு தெளிவாகப் பேசத் தெரிந்தவர், மேலாளர்களோடு பேசுகையில் எதை விளக்காமல் விட்டார் என்று எண்ணிப் பார்த்தால் சுவையாக இருக்கிறது.

அவ்வழியில் பிறந்ததுதான் கோபால் மொழி. 1959-இல் தொடங்கிய அம்முயற்சியில் ஆங்கில வினைச்சொற்களே கட்டளைகள். வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளியும் உண்டு. பார்வைக்கு இயல்பான ஆங்கிலம், உள்ளேயோ இரும்பு. ‘இப்படியானால்’ என்று தொடங்கும் நிபந்தனை எங்கே முடிகிறது என்பதை அந்த முற்றுப்புள்ளிதான் தீர்மானித்தது. இடம் மாறிய ஒரு புள்ளியால் சம்பளக் கணக்கே தடம்புரண்டு, இரவெல்லாம் விழித்துத் தேடிய நிரலாளர்கள் ஒரு தலைமுறை முழுவதும் உண்டு. நிறுத்தற்குறி என்பது அழகுக்கு இடுவது என்று நினைக்கும் நம் எழுத்தாளர் சிலரைக் கோபாலில் ஒரு மாதம் வேலை செய்ய விட்டிருக்கலாம்.

இந்த இரும்புத்தனத்தைக் குறை என்றே பலரும் கருதினர். அதைப் பெருங்கொடை என்று வாதிட்ட ஒருவர் டச்சு நாட்டுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா. இயற்கை மொழியில் நிரல் எழுத முயல்வது மடமை என்பதே எழுபதுகளின் இறுதியில் அவர் எழுதிய சிறு கட்டுரையின் பொருள். கிரேக்கக் கணிதம் சொல்லிலும் படத்திலுமே நின்றதால் தேங்கிற்று, குறியீடு வந்த பிறகே ஐரோப்பாவில் கணிதம் பாய்ந்து சென்றது என்று அவர் நினைவூட்டுகிறார். முறைசார் மொழியில் பொருளற்றதைச் சொல்வது கடினம். விதிகள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தாய்மொழியிலோ, சொன்னது பொருளற்றது என்று நமக்கே தெரியாத வகையில் நாள் முழுதும் பேசலாம். அவருடைய தொனி கடுமையானது, அவர் எப்போதுமே அப்படித்தான். நிரல்மொழியின் பிடிவாதம் நம் சிந்தனையின் ஓட்டையை நமக்கே காட்டும் ஆசிரியர் என்ற அந்த ஒரு கருத்தை மட்டும் இன்றுவரை யாரும் அசைத்ததாகத் தெரியவில்லை.

இனி எங்கள் கதைக்கு நெருக்கமான இருவர். இருவரும் ஒரே இடத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் பிறந்தவர்கள். இருவருமே நிரல்கள்.

மூத்தவள் எலைசா. பெர்லினில் பிறந்து, 1936-இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், 1966-இல் அவளை உலகுக்கு அறிமுகம் செய்தார். பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் பேசக் கற்பிக்கப்படும் பூக்காரியின் பெயர் அது. எலைசா பூண்ட வேடங்களில் புகழ்பெற்றது மனநல மருத்துவர் வேடம். எதிரே இருப்பவர் தட்டச்சிடும் வாக்கியத்தில் ‘அம்மா’ போன்ற சொல் அகப்பட்டால், உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் கூறுங்கள் என்பாள். எதுவும் அகப்படாவிட்டால், சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்னும் பாங்கில் ஏதேனும் சொல்வாள். புரிந்தது என்பது அவளிடம் அணுவளவும் இல்லை. ஆயினும், புரியவில்லை என்று அவள் ஒருபோதும் காட்டிக்கொள்வதில்லை. அந்த நிரல் எழுதப்படுவதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த வைசன்பாமின் செயலாளரே, அதனுடன் சற்றுநேரம் பேசியதும், அறையை விட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். 1976-இல் எழுதிய நூலில் இதைச் சொல்லும் வைசன்பாம், எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதியைத் தம் துறையை எச்சரிப்பதிலேயே கழித்தார்.

இளையவன் பெயரை உச்சரிப்பதே கடினம்: ஷர்ட்லூ. பழைய அச்சகங்களை அறிந்தவர்களுக்கு இப்பெயர் ஒரு புன்னகையைத் தரும். லைனோடைப் எந்திரத்தில் ஆங்கில எழுத்துகள், பயன்படும் அளவை ஒட்டி நிரல்நிரலாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் நிரலை மேலிருந்து கீழே படித்தால் இந்தச் சொல் வரும். ஒரு வரியில் தவறு நேர்ந்துவிட்டால், அச்சுக்கோப்பவர் விரலை அந்த நிரல்களின் மேல் இழுத்துவிட்டு வரியை நிரப்பி வார்ப்பார். பிறகு அந்த ஈயத் துண்டை எடுத்து எறிந்துவிட வேண்டும். எறிய மறந்த நாள்களில், செய்தித்தாளின் நடுவே இப்பொருளற்ற சொல் அச்சாகி வந்ததுண்டு. பிழையின் அடையாளமாக இருந்த அச்சொல்லைத்தான் டெர்ரி வினோகிராட் என்ற மாணவர் தம் நிரலுக்குப் பெயராக வைத்தார்.

1970-ஐ ஒட்டி உருவான ஷர்ட்லூவின் உலகம் மிகச் சிறியது. திரையில் ஒரு மேசை. அதன்மேல் பல வண்ணக் கட்டைகள், சில பிரமிடுகள், ஒரு பெட்டி. சாதாரண ஆங்கிலத்தில், இதை எடு, அதன்மேல் வை என்று சொன்னால் அது செய்யும். ஏன் செய்தாய் என்று கேட்டால் காரணம் சொல்லும். அந்நாளில் அது பெரும் வியப்பு. எங்களைக் கவர்வது வினோகிராட் வெளியிட்ட உரையாடலின் தொடக்கத்திலேயே வரும் ஒரு சிறு நிகழ்ச்சி. பிரமிடைப் பிடி என்று மனிதர் ஆணையிடுகிறார். மேசையில் பிரமிடுகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. நீங்கள் எந்தப் பிரமிடைக் குறிக்கிறீர்கள் என்று விளங்கவில்லை என்கிறது ஷர்ட்லூ. கையைக்கூட நீட்டவில்லை. அதற்கு அடுத்த ஆணையில் ‘அது’ என்ற சுட்டுச்சொல் வருகிறது. இப்போது வேலையைத் தொடங்குமுன், ‘அது’ என்பதற்குத் தான் கொண்ட பொருள் இன்னதென்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறது.

கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இவ்விரண்டு மறுமொழிகளையும்விட நல்ல இலக்கணம் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு ஷர்ட்லூ கொடுத்த விலையும் பெரியது. மேசையில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதற்குத் தெரியும், அதனால்தான் ‘பிரமிடு’ என்ற சொல் எத்தனை பொருள்களைச் சுட்டக்கூடும் என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. மேசைக்கு வெளியே ஒரு நாற்காலியைக்கூட அது அறியாது. கட்டைகளின் உலகத்தைப் பெரிதாக்கி நம் உலகமாக்க முயன்றவர்கள் தோற்றார்கள். வினோகிராடே 1986-இல் பெர்னாண்டோ புளோரசுடன் சேர்ந்து எழுதிய நூலில் அந்தப் பாதையை ஐயத்தோடு திரும்பிப் பார்த்தார்.

வென்று வந்தது வேறொரு பாதை. உலகின் உரைகளைக் கொட்டி, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று ஊகிக்கப் பழக்கும் மொழிமாதிரிகள் இவை. 2020-இல் வந்த ஜிபிடி-3 கட்டளையைக் கட்டளையாகக்கூட எப்போதும் எடுத்துக்கொள்ளவில்லை. நிலவில் மனிதன் இறங்கியதை ஆறு வயதுக் குழந்தைக்கு விளக்கு என்றால், ஈர்ப்பு விசையைக் குழந்தைக்கு விளக்கு என்பது போன்ற வேறு கட்டளைகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனதை அதைச் செய்தவர்களே எடுத்துக்காட்டாகப் பதிப்பித்திருக்கிறார்கள். வினாத்தாளில் ஒரு வினாவை அடுத்து வருவது இன்னொரு வினாதானே! பின்னர், மனித மதிப்பீட்டாளர்களைக் கொண்டு விடைகளைத் தரம்பிரிக்கச் செய்து, அவர்கள் விரும்பும் வகையில் விடையளிக்க மாதிரிகளைப் பழக்கினார்கள். 2022 நவம்பர் 30 அன்று வெளியான சாட்ஜிபிடி அவ்வாறு பழகியது. சந்தேகம் கேட்டுத் திருப்பியனுப்பும் விடையைவிட, முழுமையாகத் தோன்றும் விடைக்கே மதிப்பீட்டாளர்கள் கூடுதல் மதிப்பெண் இட்டிருப்பார்கள் என்பது எங்கள் ஊகம். தேர்வுத்தாள் திருத்திய அனுபவமுள்ளோர் இதை மறுக்க மாட்டார்கள்.

பாபேஜைக் கேள்வி கேட்ட அந்த உறுப்பினர்களிடம் இப்போது திரும்பலாம். எழுத்துப்பிழையோடு, பாதி வாக்கியத்தில், ஆங்கிலமும் தமிழும் கலந்து இன்று ஒரு கருவியிடம் கேட்கிறோம். பெரும்பாலும் சரியான விடை வருகிறது. தவறானதை இட்டால் சரியானது வருமா? வருகிறது. அவர்கள் நூற்றைம்பது ஆண்டு முந்திக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவே. அடாவின் நான்காம் வரியைக் கொடுத்தால், ‘தலைகீழாக இருக்கிறதே’ என்று தானே திருப்பிப் போட்டுவிட்டு வேலையை முடிக்கும் பொறி நம் கையில் இருக்கிறது. திருப்பியதை நம்மிடம் சொல்லுமா என்பதுதான் கேள்வி.

கோபாலில் புள்ளி தவறினால் நிரல் பெரும்பாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். ஷர்ட்லூவிடம் பெயரடை தவறினால் எந்தப் பிரமிடு என்று கேட்கும். மொழிமாதிரிக்கு நாம் சொல்லாமல் விட்ட இடம் பெரும்பாலும் ஓட்டையாகவே தெரிவதில்லை. உலகில் மிகுதியாக வழங்கும் பொருள் எதுவோ அது தானே வந்து அங்கே அமர்ந்துகொள்கிறது. எங்கள் கதைகளுக்கு நேர்ந்தது அதுதான். எழுதப்பட்ட தமிழின் பெருந்திரளில் ‘பிழைதிருத்தம்’ என்றால் என்ன? பாடநூலிலும் நாளிதழிலும் அலுவலகத்திலும், வழக்குச் சொல்லை அடித்துவிட்டுப் பொதுத்தமிழை எழுதுவது. நம் ஆசிரியர்கள் சிவப்பு மையால் செய்ததும் அதுவே. கருவி எங்கள் சமூகத்தின் சராசரியை எங்களுக்கே திருப்பித் தந்தது. அந்தச் சராசரிக்கு எதிராக எழுதியவர் என்பதற்காகத்தான் அந்த எழுத்தாளரைத் தேடிப் பிடித்திருந்தோம்.

நார்பர்ட் வீனர் இந்த வகை ஆபத்தை முன்பே ஒரு கதையைக் கொண்டு விளக்கியிருக்கிறார். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதையில், வரம் தரும் பாதத்திடம் தந்தை இருநூறு பவுண்டு கேட்கிறார். மகன் தொழிற்சாலை எந்திரத்தில் சிக்கி இறந்துபோகிறான். நிறுவனம் கொடுத்தனுப்பும் தொகை சரியாக இருநூறு பவுண்டு. வீனர் தாம் இறந்த 1964-இல் வெளியான ‘காட் அண்ட் கோலம்’ நூலில் இக்கதையை எடுத்து வைத்து, எந்திரம் தரப்போவது நீ கேட்டதை, நீ கேட்க நினைத்ததை அன்று என்ற பொருளில் வாதிடுகிறார். இலக்கிய வாசகர்களாகிய எங்களுக்கு இதில் சிறு பெருமிதம் உண்டு. ஆனால் எங்கள் நிகழ்ச்சிக்கு இக்கதை முழுதும் பொருந்தவில்லை. குரங்கின் பாதம் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டது. இன்றைய கருவி சொல்லைத் தாண்டி, நாம் நினைத்திருக்கக்கூடியதை ஊகிக்கிறது. ஊகம் பத்தில் ஒன்பது முறை பலிப்பதால் பத்தாவதைப் பார்க்கும் பழக்கம் நமக்கு விட்டுப்போகிறது. 2023-இல் நியூயார்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில், இல்லாத ஆறு தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய மனு தாக்கலாகி, ஐயாயிரம் டாலர் அபராதத்தில் முடிந்தது. அந்த வழக்கறிஞர், இவ்வழக்குகள் உண்மையானவை தாமா என்று கருவியிடமே கேட்டிருந்தார். ஆம் என்று அது சொல்லிவிட்டது. எலைசாவின் குரல் கேட்கிறதா?

எங்கள் கட்டளை இப்போது ஒன்றரைப் பக்கம். இது இன்ன ஆண்டுப் பதிப்பின் ஒளிவருடல் என்று தொடங்குகிறது. ரகரம்-துணைக்கால் மயக்கம், பழைய எழுத்து வடிவங்கள், சொல் பிரிந்துபோதல் ஆகிய மூன்றை மட்டுமே திருத்துக. மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சில் ஓரெழுத்தையும் தொடாதே. பழைய புணர்ச்சியைப் பிரிக்காதே. திருத்திய ஒவ்வொன்றையும் பழைய வடிவத்தோடு பட்டியலிடு. ஐயம் எழுந்தால் திருத்தாமல் கேள். இவற்றுக்கு எடுத்துக்காட்டாக, நாங்களே கையால் திருத்திய ஒரு பக்கத்தையும் முன்னும் பின்னுமாகக் கொடுத்திருக்கிறோம். எழுதி முடிக்க மூன்று கூட்டங்கள் ஆயின. அதில் இரண்டரைக் கூட்டம் கருவியைப் பற்றிய பேச்சே இல்லை. பழம்பதிப்பில் பிழை என்பது எது என்று எங்களுக்குள் மூண்ட சண்டைதான். நூலாசிரியர் ஓரிடத்தில் ‘கெடக்கு’ என்றும் இன்னோரிடத்தில் ‘கிடக்கு’ என்றும் எழுதியிருந்தால் ஒன்றாக்குவதா? கூடாது என்று முடிவாயிற்று. ஒரு வாக்கு வித்தியாசத்தில்.

புதிய கட்டளையோடு முதல் கதையை மீண்டும் அனுப்பினோம். கிழவி தன் ஊர்ப்பேச்சுக்குத் திரும்பிவிட்டாள். கீழே முப்பத்தேழு திருத்தங்களின் பட்டியல். மூலத்தோடு ஒத்துப் பார்த்ததில் இரண்டு தவறு. அதற்கும் கீழே ஒரு கேள்வி இருந்தது. மூன்றாம் பக்கத்தில் வரும் ஒரு சொல் வட்டார வழக்கா, அச்சுப்பிழையா என்று தனக்குத் தெரியவில்லை, விட்டுவைத்திருக்கிறேன் என்று கருவி எழுதியிருந்தது. தென்மாவட்ட நண்பர், தம் பாட்டி அப்படித்தான் சொல்வாள் என்கிறார். அச்சகத்தில் வேலை பார்த்த மூத்த நண்பர், பக்கத்துக் கட்டத்து எழுத்து மாறி விழுந்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன் என்கிறார். நூலின் இன்னொரு பிரதி ஒரு பழைய நூலகத்தில் இருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிறன்று இருவருமே போகிறார்கள்.